2022-23 லீக் 2 பட்டியலில் சிவப்புக் கோட்டை எங்கே போடுவது?

பாகான்காரன் (பட்டர்வொர்த்) கேட்டது:

வணக்கம். பிரான்ஸ் கால்பந்தின் இரண்டாம் டிவிஷன், அதாவது லீக் 2 பார்க்கிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை போட்ட தடி நோட்டு. ஒவ்வொரு சீசன் முடிந்ததும் நான் பார்க்கும் லீக்குகளின் புள்ளிப் பட்டியலைக் கையால் எழுதி வைப்பேன், மேலே ஏறுகிற அணிகளுக்குப் பச்சை மை, கீழே இறங்குகிற அணிகளுக்கு மேலே ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு. பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. அந்த நோட்டில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கோடு இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. 2022-23 லீக் 2.

நான் அந்த லீக்கைப் பார்க்கத் தொடங்கியதே பாயான் லெப்பாஸில் என் தொழிற்சாலைக்கு வந்த ஒரு பிரெஞ்சு எஞ்சினியரால்தான். மனிதர் அன்சி ஊர்க்காரர். (எழுத்தைப் பார்த்து நாங்கள் அன்னெசி என்றோம், முதல் நாளே திருத்திவிட்டார்.) ஏரியும் மலையும் சேர்ந்த ஊர், அந்த வருடம்தான் அவர்கள் அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. மார்ச் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கோப்பைக் காலிறுதியில் அன்சி மார்செய் ஊருக்கே போய் 2-1 என்று ஜெயித்தது. இங்கே அது வியாழன் விடியற்காலை. மனிதர் கண் சிவந்து, துளியும் தூங்காமல் நேராக வேலைக்கு வந்து, எங்கள் லைனில் இருந்த எல்லாருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நானும் அன்சி கட்சி.

ஜூன் 2, கடைசி வாரம். பேரரசர் பிறந்தநாள் நீண்ட விடுமுறை வேறு, அதனால் பினாங்குத் தீவுக்குப் போய் அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்பில் ஒரு ஆட்டம், போனில் மற்ற ஆட்டங்களின் ஸ்கோர். போர்தோ ஊரில் ரொடெஸ் அணி 22-ஆவது நிமிடத்தில் கோல் போட்டது. அப்புறம் போன் திரையில் நிமிடம் நகரவே இல்லை. நெட் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். கோல் போட்ட லூகா புவாடெஸை ஒரு போர்தோ ரசிகர் ஓடி வந்து தள்ளிவிட்டார், ஆட்டம் நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மற்ற எல்லா ஆட்டமும் முடிந்துவிட்டது. அன்சி தப்பித்ததா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, கீழே கடையில் ஆளுக்கொரு தே தாரேக் குடித்துவிட்டுப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆட்டம் ரொடெஸுக்கு என்று தீர்ப்பு, அன்சி 17-ஆவது இடம், கீழே இறக்கம். பிறகு சோஷோ அணியைப் பணப் பிரச்சினையால் இறக்கினார்கள், அன்சி மறுபடி உள்ளே. இப்போதும் லீக் 2-இல்தான் ஆடுகிறது.

சரி, நான் கோட்டை எங்கே போடுவது? 17-க்கு மேலேயா, கீழேயா? "ஆபீசில் முடிவாகிற லீக்கை எதற்கு நோட்டில் எழுதுகிறாய்" என்கிறார் என் மச்சான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை.


செந்தூல் 1968 (கோலாலம்பூர்):

தம்பி, 17-க்கு மேலே போடுங்கள். மைதானத்தில் வந்த கணக்கு அதுதான்.

அந்த சீசனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முதல் டிவிஷனை 20 அணியிலிருந்து 18-க்குக் குறைக்கிறார்கள் என்பதால் மேலேயிருந்து நாலு அணி இறங்கியது, இங்கிருந்து இரண்டு மட்டும்தான் ஏறியது. பிளே-ஆஃப் கிடையாது. கீழேயும் நாலு. இருபது அணியில் ஆறு அணியின் தலையெழுத்து மாறுகிற வருடம் அது, அதனால்தான் கடைசி நாள் அப்படி ஒரு பதற்றம். போர்தோ அந்த இரவு ரொடெஸை ஜெயித்து, மற்ற ஆட்டங்களும் கை கொடுத்தால் முதல் டிவிஷனுக்குத் திரும்பலாம் என்ற நிலை. லு ஆவ்ர் 75 புள்ளியோடு முதலிடம், மெஸ் 72 புள்ளியோடு இரண்டாவது, போர்தோ மூன்றாவதாக நின்றுவிட்டது.

லு ஆவ்ரைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1872-ஐப் பிறந்த வருடமாகச் சொல்லிக்கொள்ளும் அணி, பிரான்சிலேயே பழையது. 2009-இல் இறங்கியவர்கள் 14 வருடம் கழித்து ஏறினார்கள். 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் வெறும் 19. பயிற்சியாளர் லூக்கா எல்ஸ்னர் வந்த முதல் வருடமே இது. கோல் மழை இல்லாத ஆட்டம் சப்பென்று இருக்கும் என்பவர்கள் அந்தத் தற்காப்பை உட்கார்ந்து பார்க்க வேண்டும், நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர்வார்கள். ரியாத் மாரெஸ் 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்குப் போனது இந்த அணியிலிருந்துதான், அதுவும் இதே இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தபோது.

தீர்ப்புக்கு வருகிறேன். ஆட்டக்காரரைக் களத்துக்குள் வந்து தள்ளினால் ஆட்டம் எதிரணிக்கு. இது கடுமை இல்லை, இப்படி இல்லாவிட்டால் தோற்கிற ஒவ்வொரு அணியின் ரசிகனும் உள்ளே குதிப்பான். அதே சீசனில் சேன் எத்தியென் அணி மைனஸ் 3 புள்ளியில் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? 2022 மே மாதம் ஒசேர் அணியிடம் பெனால்ட்டியில் தோற்று முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய அன்று அவர்கள் ரசிகர்கள் களத்தில் இறங்கிப் பட்டாசு எறிந்ததற்குத் தண்டனை. பத்து முறை பிரெஞ்சு சாம்பியன் ஆன அணி பட்டியலின் அடியில் கிடந்து, பிறகு எழுந்து எட்டாவதாக முடித்தது. அந்த மூன்று புள்ளியை ஆபீஸ்தான் எடுத்தது, அதற்காக அந்த சீசன் பொய்யாகிவிடுமா?


நகர அரங்கத்தான் (ஜார்ஜ்டவுன்):

அண்ணே, மன்னிக்கவும், இதில் நான் உங்களோடு இல்லை.

போர்தோவைத் தண்டித்தது சரி. ஆனால் அடி விழுந்தது யார் மேல்? அன்சி மேல்! அவர்கள் அந்த அரங்கத்திலேயே இல்லை. ரொடெஸ் மீதி 68 நிமிடம் ஆட வேண்டியிருந்தது, போர்தோ ஏறுவதற்காக ஆடுகிற அணி, அந்த 68 நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். ரொடெஸுக்கு மூன்று புள்ளியும் முழுசாகக் கிடைத்ததும் அது அன்சிக்கு மேலே போய்விட்டது. ஆளில்லாத அரங்கத்தில் மீதி ஆட்டத்தை ஆடச் சொல்லியிருக்க வேண்டும். ரொடெஸ் அப்போதும் ஜெயித்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. போர்தோ அந்த சீசனை இரண்டாம் டிவிஷனில் ஆடியதே ஆபீஸ் தயவில்தான். 2022-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள், கணக்கு சரியில்லை என்று மூன்றாம் டிவிஷனுக்குத் தள்ளினார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள், பிறகு ஜூலை கடைசியில் காப்பாற்றி உள்ளே சேர்த்தார்கள். காப்பாற்றப்பட்ட அணியின் ரசிகன் செய்த வேலையில் ஏரிக்கரை அணி இறங்கியது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

பாகான்காரரே, உங்கள் கோட்டை 17-க்குக் கீழே போடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்றால், ஏறுவதும் இறங்குவதும் என்ன என்று பினாங்கு ரசிகனுக்குத் தெரியும். 2020-இல் நம் அணி பிரிமியர் லீக் சாம்பியன், மலேசியாவின் இரண்டாம் டிவிஷனில், கோவிட்டால் சுருங்கிப்போன அந்த சீசனில். அடுத்த வருடமே சூப்பர் லீக்கில் மூன்றாவது. கீழேயிருந்து ஏறிய அணி அடுத்த வருடம் மூன்றாவது! அந்த ஏணி இருந்ததால்தான் அது நடந்தது. 2022-ஓடு அந்த இரண்டாம் டிவிஷனையே மூடிவிட்டார்கள், இப்போது சூப்பர் லீக்குக்குக் கீழே அரைத் தொழில்முறை லீக்தான். நகர அரங்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போது, தோற்றாலும் இறங்க மாட்டோம், ஜெயித்து ஏற இடமும் இல்லை என்பது நெஞ்சில் ஒரு பாரமாகவே இருக்கிறது. அதனால்தான் நானும் விடிய விடிய ரொடெஸும் நியோரும் பார்க்கிறேன், அங்கே 16-ஆவது இடத்துக்கும் 17-ஆவது இடத்துக்கும் ஓர் ஊரே அழுகிறது.


கணக்கு அக்கா (பிரிக்ஃபீல்ட்ஸ்):

தம்பிகளா, சோஷோ விஷயத்தை ஒருவரும் தொடவில்லை, அதுதான் இதில் பெரியது. நான் கணக்காய்வு வேலையில் இருக்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பிரான்சில் டி.என்.சி.ஜி. என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தொழில்முறை அணிகளின் கணக்கைப் பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. ஒவ்வொரு கோடையிலும் எல்லா அணியும் அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும்: வருகிற சீசனுக்கு இவ்வளவு செலவு, சம்பளம் இவ்வளவு, பணம் இங்கிருந்து வரும், இதோ அத்தாட்சி. பணம் வரும் என்று முதலாளி வாயால் சொன்னால் போதாது. திருப்தி இல்லை என்றால் முதலில் சம்பளச் செலவுக்குக் கட்டுப்பாடு, அப்புறம் புது ஆட்டக்காரர் வாங்கத் தடை, அதற்கும் மேலே போனால் டிவிஷன் இறக்கம். மேல்முறையீடு உண்டு, அதற்குப் பிறகு ஒலிம்பிக் கமிட்டியின் சமரசம் வரை போகலாம். நகர அரங்கத்தான் சொன்ன 2022 போர்தோ கதை அந்த வழியாகப் போய்த் தப்பியதுதான், யாரோ போனில் கேட்டுக்கொண்டதால் இல்லை.

சோஷோ 1928-இல் பெஜோ கார் கம்பெனி தன் தொழிலாளிகளுக்காகத் தொடங்கிய அணி. 2015-இல் பெஜோ விற்றுவிட்டது, கடைசியில் நென்கிங் என்ற சீன ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2022-23-இல் வெகுநாள் முன்வரிசையில் இருந்து, கடைசிக் கட்டத்தில் சரிந்து ஒன்பதாவதாக முடித்தார்கள். அந்தக் கோடையில் முதலாளியிடமிருந்து பணம் வரவில்லை. டி.என்.சி.ஜி. மூன்றாம் டிவிஷனுக்கு அனுப்பியது. அந்தக் காலி இடம்தான் அன்சிக்குப் போனது. சோஷோவை ரசிகர்களும் பெஜோ குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மூடாமல் காப்பாற்றினார்கள், அது தனிக் கதை.

ஏன் இப்படி அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால், தொலைக்காட்சிப் பணத்தைப் பாருங்கள். 2018-இல் மீடியாப்ரோ என்ற நிறுவனம், 2020-இலிருந்து இரண்டு டிவிஷனுக்கும் சேர்த்து வருடத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 2020-இல் அது தொடங்கிய சில மாதத்திலேயே தவணை கட்டாமல், அந்த டிசம்பரில் விலகியது. வரும் என்று நம்பி ஏற்றிய சம்பளம் அப்படியே நின்றது, வருமானம் போய்விட்டது. எந்தக் கடைக்காரருக்கும் இது புரியும்: அடுத்த மாத வியாபாரத்தை நம்பி இந்த மாதம் வேலைக்கு ஆள் எடுத்தது போல.

2024-இல் அதே கதை. போர்தோ 12-ஆவதாக முடித்தது. லிவர்பூலை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனத்தோடு பேச்சு நடந்தது, ஜூலையில் முறிந்தது. ஆறு முறை சாம்பியன், ஜிடான் ஆடிய அணி, தொழில்முறை அந்தஸ்தையே விட்டுவிட்டு நாலாம் டிவிஷனுக்குப் போனது. அந்த இடத்தில் யார் தப்பினார்கள் தெரியுமா? 17-ஆவது வந்த த்ருவா, மான்செஸ்டர் சிட்டியின் சகோதர அணி. மறுபடியும் 17! 2025 கோடையில் அஜாக்சியோவும் இதே மாதிரிதான் இடத்தை இழந்தது.

இதை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது, காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. என் கடைசித் தம்பி ஒரு மாநில அணியில் இரண்டு சீசன் ஆடினான். ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. பயிற்சிக்குப் போக மோட்டாருக்கு எண்ணெய் ஊற்ற அம்மாவிடம் பத்து வெள்ளி கேட்டு நிற்பான், கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். பட்டியலில் அந்த அணி நல்ல இடத்தில்தான் இருந்தது. சம்பளம் கொடுக்காத அணி வாங்கிய புள்ளியும் கடன் வாங்கிய புள்ளிதான். சீசன் தொடங்கும் முன்பே ஒருவர் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால் அவன் 24 வயதில் பந்தை விட்டிருக்க மாட்டான்.


நகர அரங்கத்தான் (ஜார்ஜ்டவுன்):

அக்கா, தம்பி விஷயம் படித்துக் கஷ்டமாகிவிட்டது. இங்கேயும் 2023 சீசனுக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. அப்போது நான் அதைத் திட்டினேன். சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரரின் வீட்டிலிருந்து அதை நான் பார்த்ததில்லை.

சோஷோவை இறக்கியதை ஒத்துக்கொள்கிறேன். ரொடெஸ் தீர்ப்பை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வேறு.


காரைக்கால் பேரன் (சூலியா தெரு):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என் தாத்தா காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தவர், சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள், அதனால் இந்தப் பேச்சு எனக்கும் நெருக்கம்.

அக்கா சொன்ன பணக் கதைக்கு மறுபக்கம் ஒன்று. என் மாமா மகன் 2023 நவம்பரிலிருந்து பாரிஸ் எஃப்.சி. ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லாமல் போய்வந்தான், அரங்கம் காலியாக இருக்கிறது என்று அணியே எல்லாருக்கும் இலவசம் ஆக்கிவிட்டது. அடுத்த வருடம் அர்னோ குடும்பம் அந்த அணியை வாங்கியது, 2025-இல் இரண்டாவதாக வந்து, 1979-க்குப் பிறகு முதல்முறையாக முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார்கள். பணக்கார முதலாளி வந்தால் ஏற்றம், சோஷோ மாதிரி அவர் கையை எடுத்தால் அப்படியே வீழ்ச்சி.

நான் லோரியோன் கட்சி. அந்த 2025-இல் முதலிடம் அவர்களுக்குத்தான். காரணம் ஊர்ப் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கீழ்த்திசைக்குக் கப்பல் கட்டுவதற்காக உண்டாக்கிய துறைமுகம் அது, பெயரே கீழ்த்திசை என்பதுதான். பாண்டிச்சேரி வந்த கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன. எங்கள் ஊரை நோக்கிப் பெயர் வைத்த ஊருக்கு நான் கைதட்டாமல் யார் தட்டுவது?


செந்தூல் 1968 (கோலாலம்பூர்):

நகர அரங்கத்தான் தம்பி சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். அன்சிக்கு அநியாயம் நடந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் விதி முன்னாடியே எழுதியிருந்தது, அன்றைக்கு உட்கார்ந்து எழுதவில்லை. அந்த ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியம்.

பாகான்காரருக்கு ஒரு யோசனை. கோடு ஒன்றுதான் போட வேண்டும் என்று யார் சொன்னது?


பாகான்காரன் (பட்டர்வொர்த்):

எல்லாருக்கும் நன்றி. அக்கா, தம்பியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நேற்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தால் தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, பரவாயில்லை. 17 அன்சி, 18 டிஜோன், 19 நீம், 20 நியோர். செந்தூல் அண்ணன் சொன்னபடி 17-க்கு மேலே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன், அது ஜூன் மாதத்துக் கணக்கு. அப்புறம் 9-ஆவது வரியில் சோஷோவிலிருந்து பக்க ஓரமாக ஓர் அம்புக்குறி இழுத்துக் கீழே கொண்டுபோய், அன்சியிலிருந்து ஒரு பச்சை அம்புக்குறி மேலே கொண்டுவந்தேன், அது கோடைக் கணக்கு. பக்கம் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் எடுத்துப் பார்த்தாலும் அந்த வருடம் என்ன நடந்தது என்று தெரியும். மச்சானிடம் காட்டினேன். 9-இலிருந்து போகும் சிவப்பு அம்பையே ரொம்ப நேரம் பார்த்தார், "சம்பளம் கொடுக்கலையா இவங்க?" என்று கேட்டார், அக்கா எழுதியதை முழுசாகப் படித்துக் காட்டினேன்.

எஞ்சினியர் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். போட்டோ எடுத்து அனுப்பினேன், விடிவதற்குள் பதில் வந்திருந்தது. கோடு, அம்பு எல்லாம் சரிதானாம், ஒன்று மட்டும் விட்டுப்போயிற்றாம். கோப்பை ஆட்டம் லீக் பட்டியலில் வராதே என்றேன். எப்படியாவது அந்தப் பக்கத்தில் ஓர் இடம் கண்டுபிடி என்றார். நியோருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது, அங்கே பச்சை மையில் எழுதிவிட்டேன்: மார்செய் 1, அன்சி 2.